காசு கட்டுகிறவர் நாம்தானே?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு ஓடிடி சந்தா ஓடுகிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. ஆசைப்பட்டுத் தேடும் பழைய படம் எதிலும் இருப்பதில்லை. பணம் கட்டியும் நடுவில் விளம்பரம் வருகிறது. பெங்களூரில் இருக்கும் மகனின் பாஸ்வேர்டில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதையும் நிறுத்திவிட்டார்கள். "இதுக்கு தூரதர்ஷன் காலமே தேவலை" என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கணவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் ஞாபகத்தில் இருப்பது வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', டிவி இருந்த ஒரே வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருந்த சந்தோஷம். எனக்கும் அது இருக்கிறது. ஆனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' பலகையையும் அவர் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். கரண்ட் போனால் அந்த வாரப் படம் போனதுதான். என்ன படம், எந்த நேரம் என்பதை எங்கோ யாரோ முடிவு செய்தார்கள். ஒரு நல்ல மலையாளப் படம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த மொழியின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

என் அம்மா ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் கடைசி அரை மணியைப் பார்த்ததே இல்லை. படம் முடியும்போது எங்களுக்குப் பசிக்கும், தட்டு வைக்க வேண்டும், தோசை ஊற்ற வேண்டும். "கடைசியில என்னடா ஆச்சு?" என்று அடுப்படியிலிருந்து கேட்பார். நாங்கள் வாயில் தோசையோடு அரைகுறையாகச் சொல்லுவோம். இன்று என் மனைவி படத்தை நிறுத்திவிட்டுப் பாலைக் காய்ச்சி, வாசல் கதவைப் பூட்டி, வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கிறார். அந்த ஒரு பட்டன் என் அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அதனால் ஓடிடியே வேண்டாம் என்ற பேச்சுக்கு நான் வர மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனாவில் தியேட்டர்கள் மூடிக்கிடந்தபோது, 2020 நவம்பரில் 'சூரரைப் போற்று' நேரடியாக ஓடிடியில்தான் வெளிவந்தது. நாட்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதை அது வாங்கியது. அந்த இரண்டு வருடங்களில்தான் தமிழ் வீடுகள் மலையாளப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தன. சப்டைட்டில் படிக்கப் பழகியதும் அப்போதுதான். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் கொரியத் தொடரைத் தமிழ்க் குரலில் பார்த்துவிட்டு, அந்த ஊர்ச் சாப்பாடு பற்றி என்னிடம் விசாரிக்கிறார். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

சரி, உங்கள் குறைகளுக்கு வருகிறேன். நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

தேடுவதில் அரை மணி போவதில் பாதித் தப்பு நம்முடையது. முகப்பில் வரிசையாக வருபவை அவர்கள் நமக்குத் தள்ள நினைப்பவை. அதற்குள் போய் முழித்தால் நேரம் போகத்தான் செய்யும். எங்கள் வீட்டில் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு. யாராவது நல்ல படம் என்று சொன்னால் உடனே எழுதிவிடுவோம். உட்காரும்போது அதில் ஒன்றைப் போடுவதுதான், வேறு பேச்சில்லை. முன்னோட்டம் தானாக ஓடுவதும் அடுத்த பகுதி தானாகத் தொடங்குவதும் தொல்லையாக இருந்தால், பல சேவைகளில் அதை செட்டிங்ஸில் அணைத்துவிடலாம்.

மீதிப் பாதித் தப்பு அவர்களுடையது. தமிழ்ப் படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில், ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக அடிக்க வேண்டியிருக்கிறது. 'ழ' வந்தால் எல் போடுவதா, இசட்டும் எச்சும் போடுவதா? நெடிலுக்கு 'ஏ' ஒன்றா இரண்டா? ஒரு எழுத்து மாறினால் இருக்கிற படமே இல்லை என்று வருகிறது.

பழைய படம் கிடைக்காததற்குக் காரணம், படத்தின் உரிமையை அவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வாங்குகிறார்கள். காலம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். சந்தா கட்டும் நமக்குச் சொந்தம் என்று எதுவும் இல்லை. உயிருக்குயிரான படம் ஏதாவது இருந்தால் டிவிடி வாங்கி வையுங்கள், பிளேயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விளம்பர விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். விளம்பரத் தொல்லை இல்லாமல் பார்க்கலாம் என்பதுதானே நம்மைப் பணம் கட்ட வைத்தது? அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் படங்களின் நடுவே விளம்பரம் போட ஆரம்பித்தது. வேண்டாம் என்றால் மாதம் 129 ரூபாயோ வருடம் 699 ரூபாயோ தனியே கட்ட வேண்டும் என்றது. முதலில் கொடுத்ததை எடுத்துக்கொண்டு, அதையே மறுபடி விலைக்கு விற்பது இது.

பாஸ்வேர்டு விஷயம் என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. அன்பு என்பது பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வது என்று 2017-ல் ட்விட்டரில் எழுதியது நெட்ஃபிளிக்ஸ்தான். 2023 ஜூலையில் அதே நிறுவனம், ஒரு கணக்கை ஒரே வீட்டில் வசிப்பவர்கள்தான் பயன்படுத்தலாம் என்று இந்தியாவிலும் கண்டிப்பு காட்டியது. நம் ஊரில் குடும்பம் எப்படி இருக்கிறது? பிள்ளை பெங்களூரில், பெண் சிங்கப்பூரில், அப்பா அம்மா கும்பகோணத்தில். மருந்துச் செலவும் கரண்ட் பில்லும் மகன் கணக்கில் போகிறது, தீபாவளிக்கு எல்லாரும் ஒரே கூரைக்கு வருகிறார்கள். இந்தக் குடும்பம் அவர்கள் கணக்கில் மூன்று வீடு, மூன்று சந்தா. வியாபாரம் செய்யும் ஊரின் வாழ்க்கை தெரியாமல் போட்ட விதி இது. தெரிந்தே போட்டிருந்தால் இன்னும் மோசம்.

இதற்கெல்லாம் என்ன செய்வது? முதலில் நான்கு சந்தாவை ஒன்றாக்குங்கள். ஒரு மாதம் ஒன்று. அதில் பட்டியலில் இருப்பதைப் பார்த்து முடித்துவிட்டு நிறுத்துங்கள், அடுத்த மாதம் இன்னொன்று. வருடச் சந்தா மலிவு என்று ஆசை காட்டுவார்கள். பார்க்காத மாதங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த மலிவு. நாம் விலகினால் அவர்கள் இறங்கி வருவார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் விலை குறைத்தபோது, 499 ரூபாய்த் திட்டம் 199 ஆனது. இந்த விலைக்கு இங்கே ஆள் சேராது என்று தெரிந்ததால்தான் குறைத்தார்கள்.

நிறுத்துவது கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். ரத்து செய்யும் பட்டனை எங்காவது மூலையில் ஒளித்துவைப்பார்கள், 'நிஜமாகவே போகிறீர்களா?' என்று நாலு முறை கேட்பார்கள். இப்படிச் சந்தாவில் சிக்கவைப்பதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் 13 ஏமாற்று வழிகளில் ஒன்றாகச் சேர்த்துத் தடுத்திருக்கின்றன. கார்டிலிருந்தோ யுபிஐ-யிலிருந்தோ தானாகப் பணம் எடுக்கும்முன் 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' என்ற இடத்துக்குப் போனால் யார் யாருக்கு மாதாமாதம் போகிறது என்று வரிசையாகத் தெரியும், அங்கேயே நிறுத்தலாம். அப்புறமும் மல்லுக்கு நின்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாக நினைக்கிறேன்.

என் அத்தைக்கு 74 வயது. காது சரியாகக் கேட்காது, மெஷின் வைத்தாலும் வசனம் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. தினமும் செய்தித்தாளைக் கடைசிப் பக்க வரி விளம்பரம்வரை படிப்பவர். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு புதுத் தமிழ்ப் படம் போட்டேன். கீழே எழுத்து ஓடியது. ஆங்கிலத்தில். சப்டைட்டில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இருந்தது ஒரே மொழி. அத்தை திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா சொல்றான் அவன்?" நான் சத்தமாகச் சொன்னேன். அடுத்த வசனத்துக்கும் கேட்டார். நாலைந்து முறைக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்திருப்பார். நாங்கள் சிரித்தபோது அவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தமிழ்ப் படம், தமிழ் நடிகர்கள், தமிழ்நாட்டில் வசூலிக்கும் சந்தா. எழுத்து மட்டும் ஏன் தமிழில் இல்லை? சில படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழ் எழுத்து வருகிறது. ஆக, தொழில்நுட்பம் தடை இல்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவே ஆள் வைத்துச் செலவு செய்கிறார்கள். நடிகர் பேசியதை அப்படியே தமிழில் தட்டச்சு செய்ய எவ்வளவு ஆகிவிடும்? காது கேளாதவர்களுக்கு மட்டுமா இது? பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்காத பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வாசிக்கப் பழகுவார்கள். ராத்திரி குழந்தை தூங்கும்போது சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்க்கும் வீடுகளுக்கும் உதவும்.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், மாற்றுத்திறனாளிகள் பார்ப்பதற்கு வசதி செய்துதர முடிந்தவரை முயற்சி எடுக்க வேண்டும் என்று ஓடிடி நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. 'முடிந்தவரை' என்ற சொல்லில் அவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். அதே விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் இந்தியாவில் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் புகாரின் மேல் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரி அந்தந்த ஓடிடியின் தளத்தில் இருக்கும்.

அத்தை ஊருக்குப் போன அன்று ராத்திரியே நான் எழுதினேன். 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. படத்தின் பெயர், பார்த்த தேதி, எந்த மொழி எழுத்து இல்லை என்ற விவரத்தோடு மறுபடி எழுதியிருக்கிறேன். அம்மா, உங்கள் வீட்டில் இந்த மாதம் எந்தச் சந்தாவை வைத்துக்கொள்கிறீர்களோ, அந்த நிறுவனத்துக்கு நீங்களும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் கணவரும் தனியாக ஒன்று எழுதட்டும்.