'தாளம் இல்லை' என்றால் நின்றுவிடும் என்று அர்த்தமா?

சிங்கப்பூர் ஈசூன் வாசகி, வயது 63: பலதுறை மருந்தகத்தில் ஈசிஜி எடுத்து 'அரித்மியா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றார்கள். இணையத்தில் தேடினால் 'தாளம் இல்லாதது' என்று போட்டிருக்கிறது. தூங்கும்போது இதயம் நின்றுவிடுமா? கோப்பி குடித்தால் படபடக்கிறது, இடதுபக்கம் படுத்தால் துடிப்பு காதில் கேட்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரைக்குப் பயந்து, ஒன்பது நாளாகப் பூண்டு மாத்திரைதான் சாப்பிடுகிறேன்.

டாக்டர் பதில்:

நிற்காது அம்மா. கிரேக்கத்தில் 'ரித்மோஸ்' என்றால் தாளம். முன்னால் உள்ள 'அ', நீதி அநீதி ஆவதுபோல, இன்மையைச் சொல்கிறது. ஆனால் நோயில் தாளம் தப்புகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. அதனால் 'கெட்ட தாளம்' என்று பொருள்படும் 'டிஸ்ரித்மியா'வே சரி என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. பழைய பெயர்தான் நிலைத்துவிட்டது.

உங்களுக்கு வந்திருப்பதைச் சரியாகச் சொல்வது இரண்டாவது பெயர். 'ஃபிப்ரில்லா' லத்தீனில் மெல்லிய நார். இதயத்தின் மேலறைத் தசைநார்கள் ஒன்றாகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல் தனித்தனியே நடுங்குகின்றன. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும். இடது மேலறையை ஒட்டி ஒரு சிறு பை இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவருக்கு அந்த அபாயம் சுமார் 5 மடங்கு. நீங்கள் நிறுத்தியது அதைத் தடுக்கும் மாத்திரையை!

பூண்டு அந்த வேலையைச் செய்யாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு வரலாம். இன்றே மருந்தகத்தில் பேசி மறுபடி தொடங்குங்கள். விட்டுப்போனதற்காக இரண்டாகப் போட வேண்டாம். பயம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கோப்பி படபடப்பைக் குறைத்துக் குடித்துச் சமாளிக்கலாம். இடதுபக்கம் படுத்தால் கேட்பதை விட்டுவிடுங்கள், எனக்கும் கேட்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. என்னிடம் வந்த ஒரு பாட்டிக்குத் தேத்தண்ணீர் ஆற்றும்போது குவளை கை நழுவி விழுந்தது. பேத்தி பெயரைச் சொல்ல வாய் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதென்று பேசாமல் இருந்துவிட்டார். மூன்றாம் நாள் வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், உடனே சரியானாலும்கூட, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆரம்பித்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து வையுங்கள், மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.