பைத்தான் என்ற நிரல்மொழியின் 3ஆம் பதிப்பு வந்த பிறகும் விஞ்ஞானிகள் ஏன் பல ஆண்டுகள் பழைய பதிப்பிலேயே இருந்தார்கள்?

சோம்பல் காரணமல்ல. பைத்தான் 3.0 வெளியானது 2008 டிசம்பரில். ஆனால் ஓர் ஆய்வாளர் தனியாக மாறிவிட முடியாது; அவருடைய நிரல் பிறர் எழுதிய நூலகங்களின், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளின், மேல் நிற்கிறது. எண்கணிப்புக்கு அடித்தளமான நம்பை (NumPy) நூலகமே 2010இல்தான் புதிய பதிப்பில் இயங்கத் தொடங்கியது. அதைச் சார்ந்தவற்றில் ஒன்று பின்தங்கினாலும் வேலை நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய அச்சம், விடை மாறிவிடுமோ என்பது. பழைய பதிப்பில் 3/2 என்றால் 1, புதியதில் 1.5. பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் வேறாக இருக்கும். ஏற்கெனவே வெளியிட்ட முடிவு மறுபடி கிடைக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆய்வாளர்தான். இந்தத் தயக்கத்தை நான் முழுமனத்தோடு மதிக்கிறேன்.

பிறகு அவர்களை இழுத்தவை பயனுள்ள வசதிகள். 2015இல் வந்த 3.5 பதிப்பு அணிப் (matrix) பெருக்கலுக்குத் தனிக் குறியே தந்தது. தாளில் எழுதும் சமன்பாட்டைப் போலவே நிரலும் அமைந்தது. 2020 ஜனவரி 1 முதல் பழையதற்கு ஆதரவில்லை என்ற அறிவிப்பும் நெருக்கியது.

உங்கள் பழைய நிரலை மாற்றப் போகிறீர்களா? முதலில் அதன் விடைகளைச் சேமித்துவையுங்கள்; மாற்றிய பின் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வகுத்தல் வரும் வரிகளிலிருந்து தொடங்குங்கள்.