பள்ளிக்கூட வாசலில் மறுக்கப்பட்டால்: விசேட கல்விச் சட்டம், கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

மூதூரிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு மூளை முடக்குவாதம், புத்தி நல்லா இருக்கு. தரம் ஒண்டுக்குக் கேட்டா அதிபர், "எங்களிட்ட வசதியில்ல, ரவுனுக்குக் கொண்டு போங்க" எண்டு வாயால சொல்லிட்டார். என்ன செய்யலாம் சேர்?

முதலில் அந்த மறுப்பைத் தாளில் ஏற்றுங்கள் அம்மா. வாயால் சொன்னதைப் பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். "இன்ன திகதியில் அனுமதி கேட்டேன், இன்ன காரணம் கூறி மறுத்தீர்கள், உங்கள் முடிவை எழுத்தில் தாருங்கள்" என்று அதிபருக்கு எழுதி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதி அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

உங்கள் பக்கம் நிற்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியின்போது இயலாமையைக் காரணமாக்கிப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது அதன் 23 ஆம் பிரிவு. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அரச பாடசாலை என்பதால் அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமை மனுவும் போடலாம். அது கொழும்பில், உயர் நீதிமன்றத்தில்.

பலர் தோற்பது இந்த இரண்டாவது வழியில்தான். அதற்கு மறுப்பு நடந்து ஒரு மாதம்தான் கெடு. கடிதத்துக்குப் பதில் வரட்டும், அடுத்த கூட்டம் முடியட்டும் என்று அலைவதற்குள் மாதம் போய்விடும். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதங்களையும் அழைப்பாணைகளையும் நீதிமன்றம் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே கோவையில் வையுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: தனியார் பாடசாலை மறுத்தாலும் இதே வழியா?

இல்லை. அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு மட்டுமே. 23 ஆம் பிரிவில் "எந்தக் கல்வி நிறுவனமும்" என்று இருப்பதால் மேல் நீதிமன்ற வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது.

தம்பலகாமத்து ஆசிரியை: அமெரிக்காவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதுவது சட்டக் கடமை என்கிறார்கள். எங்களுக்கு ஏன் அது இல்லை?

அங்கே அதைக் கொண்டுவந்தவர்கள் பெற்றோர். நிறத்தைக் காட்டிப் பாடசாலைகளைப் பிரிக்கக்கூடாது என்று 1954 இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதே சமத்துவ வாதத்தை இயலாமையுள்ள பிள்ளைகளுக்காகவும் முன்வைத்தார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்காததை எதிர்த்த பென்சில்வேனியா வழக்கு 1971 இல் தொடங்கி, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட இணக்கத் தீர்ப்பில் முடிந்தது. 1972 இல் வாஷிங்டன் நகரின் மில்ஸ் வழக்கில் நிர்வாகம் "பணமில்லை" என்றது. பணம் குறைந்தால் அந்தக் குறையை எல்லாப் பிள்ளைகளும் பகிர வேண்டும், இயலாமையுள்ள பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்த முடியாது என்றது நீதிமன்றம். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டிய வரி அதுதான். நம் அதிபர்கள் சொல்லும் "வசதியில்லை"க்கும் அதில் பதில் இருக்கிறது, அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாவிட்டாலும்.

1975 இல் அவர்களின் மத்திய சட்டம் வந்தது: இலவசக் கல்வி, எழுத்திலான தனியாள் திட்டம், பெற்றோருக்கு முறையீட்டு உரிமை. எவ்வளவு கற்பித்தால் போதும் என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1982 இல் ரௌலி வழக்கில், செவிப்புலன் குறைந்த மாணவிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் தரத் தேவையில்லை என்று முடிந்தது. 2017 இல் என்ட்ரூ வழக்கில், பெயருக்கு ஒரு சிறு முன்னேற்றம் போதாது என்று அளவை உயர்த்தினார்கள்.

நம் 1996 சட்டம் பாடசாலை வாசலோடு நின்றுவிடுகிறது. அனுமதியில் பாரபட்சத்தைத் தடுக்கிறது. உள்ளே போன பிள்ளைக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. ஆனால் உள்நாட்டுச் சட்டமாக்காதவரை அதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம்.

நிலாவெளி, பாடசாலை அபிவிருத்திக் குழு உறுப்பினர்: சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டப் போறம். சட்டத்தில அளவு இருக்கா?

பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வந்தன. இருந்த கட்டடங்களைத் திருத்த 3 ஆண்டு அவகாசம். அது எப்போதோ முடிந்துவிட்டது. சாய்வுக்கு 1:12 என்பதைப் பிடியுங்கள்: வாசல் 45 சென்ரிமீற்றர் உயரமென்றால் சாய்தளம் 5.4 மீற்றர் நீளம். மேசன்மார் இடத்தை மிச்சம் பிடிக்க ஒன்றரை மீற்றரில் முடித்துவிடுவார்கள். அதில் பிள்ளை தானாக ஏற முடியாது, இறங்கும்போது நாற்காலி கவிழும். இடம் போதாவிட்டால் நடுவில் சமதளம் விட்டு மடித்துக் கட்டுங்கள். மலசலகூடக் கதவு அகலத்தையும் இப்போதே பாருங்கள். அதை மறந்ததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

உப்புவெளி, தந்தை: மகனுக்கு வாசிப்பில் குறைபாடு. சாதாரண தரத்துக்கு மேலதிக நேரம் கிடைக்குமா?

பரீட்சை விண்ணப்பத்தோடேயே அதிபர் ஊடாகக் கேளுங்கள். முடிவு பரீட்சைத் திணைக்களத்தினுடையது. அரச வைத்தியசாலை விசேட வைத்தியரின் அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. எதைச் செய்ய முடியவில்லை, அதனால் என்ன வசதி வேண்டும் என்று இரண்டும் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி யார் என்பதற்கு 1996 சட்டம் தரும் வரைவிலக்கணம், வாழ்வின் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற இயலாதவரைத்தான் குறிக்கிறது. வாசிப்புக் குறைபாடு அதற்குள் வராது என்று யாரும் வாதிட இடமுண்டு. ஆகவே அறிக்கையைப் பலமாக வாங்குங்கள், கடைசி வாரம் வரை விடாதீர்கள்.

மூதூர்த் தாய் மறுபடியும்: அதிபர் கடிதமே தராட்டி?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: தரம் 1 இல் எத்தனை இடம், எத்தனை நிரம்பியது, உங்கள் விண்ணப்பத்தில் எடுத்த முடிவு, அதற்கான சுற்றறிக்கை. ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்கத் தேவையில்லை. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்த 14 நாளும் உங்கள் ஒரு மாதத்துக்குள்தான் ஓடும் அம்மா, ஆணைக்குழு முறைப்பாட்டை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.