மோட்டார் மெக்கானிக்கா, ஆட்டோமொபைலா? களுவாஞ்சிகுடித் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா,

சாதாரண தரம் எழுதிய மகன் வாகனத் துறைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விண்ணப்பத்தில் 'மோட்டார் மெக்கானிக்', இன்னொன்றில் 'ஆட்டோமொபைல் தொழில்நுட்பம்', தனியார் நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தில் 'ஆட்டோமோட்டிவ்'. இவற்றில் எது உயர்ந்தது என்பது உங்கள் கேள்வி. பெயரை வைத்து உயர்வு தாழ்வு சொல்ல முடியாது. கட்டணத்தில்தான் வித்தியாசம் நிச்சயம்.

'மோட்டார்' இலத்தீன் சொல். அசைப்பது என்பதே அதன் பொருள். எதனால் அசைக்கிறது என்று அது சொல்வதில்லை. காரல் பென்ஸ் 1886இல் பெற்றோல் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வகை வண்டிகள் பெருகியபோது இந்தச் சொல்லும் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. 'தானே' என்ற கிரேக்கச் சொல்லும் 'நகரக்கூடியது' என்ற இலத்தீன் சொல்லும் பிரெஞ்சில் சேர்ந்து 'ஆட்டோமொபைல்' ஆயின. 'ஆட்டோமோட்டிவ்' அதன் ஒன்றுவிட்ட தம்பி. இலங்கையில் பழைய சொல்லே நிலைத்தது: 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் பெயரிலும், சாரதி அனுமதிப்பத்திரம் தரும் திணைக்களத்தின் பெயரிலும் இன்றுவரை மோட்டார்தான்.

ஆனால் வீட்டுக் கிணற்றடியில் மோட்டார் என்றால் தண்ணீர் இறைக்கும் மின்மோட்டார். அதற்குச் செப்புக் கம்பி சுற்றுவது மின்தொழில். வாகனப் பாடநெறி அல்ல. விண்ணப்பத்தில் 'மோட்டார்' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து ஒப்பமிட்டுவிட வேண்டாம்.

இந்த இரண்டு பொருளும் இப்போது ஒரே வாகனத்துக்குள் வந்துவிட்டன. முன்பு கராஜில் மோட்டார் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார், வைப்பர் மோட்டார். 1997இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது. அத்தகைய ஹைபிரிட் கார்களில் எஞ்சினோடு மின்மோட்டாரும் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பற்றரியின் அழுத்தம் பல கார்களில் 200 வோல்ட் அளவில் இருக்கும், விளையாட்டில்லை. எஞ்சின் கழற்றிப் பூட்ட மட்டும் கற்றவர் இந்த வாகனத்தில் பாதி வேலையைத்தான் செய்ய முடியும்.

ஆகவே நிலையத்தில் கேட்க வேண்டியவை வேறு. தொழிற்திறனை மட்டம் மட்டமாகத் தரப்படுத்தும் தேசிய தொழிற்தகைமையில் (NVQ) எத்தனையாம் மட்டம் கிடைக்கும்? மட்டம் 4 வரை சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். தொழிற்பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்யும் அரச அமைப்பான மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவு பெற்றிருப்பது மட்டும் போதாது, அந்தப் பாடநெறிக்கே தர அங்கீகாரம் இருக்க வேண்டும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பணம் கட்டும் முன் மட்டக்களப்பு, சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் விசாரியுங்கள்.

மகன் உறவினர் கராஜில் ஏற்கெனவே வேலை பழகுகிறான் என்கிறீர்கள். போதிய அனுபவம் சேர்ந்தபின், வேலையில் கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு. அந்த நாட்களை வீண் என்று அவனிடம் சொல்லாதீர்கள்.

சேர்க்கும் முன் பயிற்சிக்கூடத்துக்குள் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாகனத்தின் மின்னணுக் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் இருக்கிறதா, ஹைபிரிட் வாகனம் ஒன்றாவது நிற்கிறதா, மின்காப்புக் கையுறை எங்கே என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள்.