ஏழு சின்ன ஊதல், ஒரு நீண்ட ஊதல்

வாசகர் கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது):

எனக்கு 63 வயது. கிளிநொச்சியில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் போன வருடம் காலமானார். ரொறன்ரோவில் இருக்கும் மகன், வருகிற கோடையில் மருமகள், பேரப்பிள்ளைகளோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஏழு இரவு உல்லாசக் கப்பல் பயணம் போக ஆசைப்படுகிறார். பார்சலோனாவில் ஏறி, பிரான்ஸ், இத்தாலி எல்லாம் பார்த்துத் திரும்பவும் பார்சலோனாவில் இறங்குவதாம். இன்னும் பதிவு செய்யவில்லை. கப்பலில் எப்படி இருப்பது, என்ன கொண்டுபோவது, ஒன்றும் தெரியாது. சீனி வருத்தம் இருக்கிறது. மரக்கறிதான் சாப்பிடுவேன். ஆங்கிலம் வாசிப்பேன், கதைக்கக் கூச்சம். நான் கடைசியாகக் கப்பலில் ஏறியது 2009 பங்குனியில், இறுதிப் போரின்போது, புதுமாத்தளனில், காயப்பட்ட கணவரோடு. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல். அதற்குப் பிறகு நயினாதீவுக்குக்கூடப் போனதில்லை. மகன் அப்போதே வெளிநாட்டில் இருந்தார். அவருக்கு இதையெல்லாம் முழுதாகச் சொன்னதில்லை. வரமாட்டேன் என்றால் பிள்ளையின் மனம் நோகும். நான் என்ன செய்ய?

— ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தில் முதல் பக்கம் முழுக்க சூட்கேஸ், சாப்பாடு, விசா. இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் புதுமாத்தளன் வருகிறது. நான் அந்த அடியிலிருந்தே தொடங்குகிறேன். டிக்கெட் எடுக்கும் முன் முடிவாக வேண்டியது அதுதான்.

மகனுக்குச் சொல்லுங்கள். தொலைபேசியில், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது இதைச் சொல்ல வராது. எனக்கு எழுதிய அந்த இரண்டாம் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தெரிந்தால், எந்தப் பாதை, எந்த அறை என்று உங்களுக்கு ஏற்ற மாதிரி அவர் தெரிந்தெடுப்பார். தெரியாவிட்டால் விலையையும் படத்தையும் பார்த்துத்தான் எடுப்பார், பாவம். கடிதத்தை வாசித்த பிறகு இரண்டு பேருமாக யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதில் குறையேதும் இல்லை. அந்த ஏழு நாளையும் ஒரு வீடு எடுத்துக் கரையிலேயே கழிக்கலாம். நித்திரை கெடுகிற அளவுக்கு அந்த நினைவு வருகிறதென்றால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஒருமுறை கதைத்துப் பாருங்கள். 2009ஐக் கண்டவர்கள் எத்தனையோ பேர் அந்த வாசலால் போய் வந்திருக்கிறார்கள்.

போவதென்றால், பதிவு செய்யும் முன் மகன் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பாதையில் 'டெண்டர்' என்று போட்ட துறைமுகம் இருக்கிறதா என்பது. புதுமாத்தளனில் கப்பல் கரைக்கு வர முடியாமல் வெளியே நிற்க, காயக்காரரை மீன்பிடி வள்ளங்களில் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். அலையில் ஆடுகிற வள்ளத்திலிருந்து பெரிய கப்பலின் பக்கவாட்டை அண்ணாந்து பார்த்த கண் உங்களுடையது. உல்லாசக் கப்பலும் சில இடங்களில் இப்படித்தான் வெளியே நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும். கிரேக்கத்தின் சந்தோரினி, பிரான்சின் கான் போன்ற ஊர்கள் அப்படிப்பட்டவை. அதைத்தான் டெண்டர் என்கிறார்கள். பார்சலோனா, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ் போன்ற பெரிய துறைமுகங்களில் கப்பல் நேரே கரையோடு அணையும். பாலம் போட்டிருப்பார்கள், நடந்து இறங்கலாம். இப்படியான துறைமுகங்கள் மட்டும் உள்ள பாதையாக எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அறை. கபின் என்பார்கள். ஆக மலிவானது உட்பக்கத்து அறை, அதற்கு யன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் பங்கருக்குள் இருக்கிற இருட்டு. உங்களுக்கு அது வேண்டாம். யன்னலாவது இருக்கட்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தட்டுகளில் எடுத்தால் ஆட்டமும் குறைவு. மகனின் அறைக்குப் பக்கத்து அறையாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி, முதல் நாள். இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஏறிய அன்று, கப்பல் வெளிக்கிடும் முன் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். கப்பல் முழுக்கக் கேட்கும்படி ஏழு சின்ன ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். ஆபத்து என்றால் எல்லாரும் தங்களுக்குரிய இடத்தில் ஒன்றுகூட வேண்டும் என்பதற்கான சமிக்ஞை அது. ஒலிபெருக்கியில் அறிவித்தல் போகும். பணியாளர்கள் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு ஆட்களைத் திசைகாட்டி அனுப்புவார்கள். சனம் அள்ளுப்படும். நான் மகளோடு முதன்முதலில் போனபோது, ஊதல் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் குந்திவிட்டேன். போரின்போது வலைஞர்மடத்தில் பங்கருக்குள் கிடந்த உடம்பு அது, என்னைக் கேட்டுச் செய்யவில்லை. அங்கி போட்ட ஒரு பணிப்பெண் பக்கத்தில் தானும் குந்தி, முடியும்வரை என் தோளில் கை வைத்திருந்தார். அந்தப் பிள்ளை எந்த நாடு என்றுகூட நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

ஆகவே ஏறியவுடனேயே ஒத்திகை எத்தனை மணிக்கு என்று வரவேற்பு மேசையில் மகன் கேட்டு வைக்கட்டும். அந்த நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஊதலை எண்ணுங்கள். ஏழுவரை எண்ண, எட்டாவது நீளமாக வரும். நீங்கள் ஒன்றுகூட வேண்டிய இடம் கப்பலில் தருகிற உங்கள் அறை அட்டையில் எழுத்தாகவோ இலக்கமாகவோ இருக்கும். பல கப்பல்களில் இப்போது விளக்கத்தை அறைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். சன நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்விடுங்கள். ஆனால் ஊதல் எப்படியும் ஒலிக்கும்.

இதைத் தட்டிக்கழிக்க மட்டும் நினைக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கொஸ்டா கொன்கோர்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பலருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. அதற்குப் பிறகே, புறப்படும் முன் அல்லது புறப்பட்ட உடனே நடத்தியாக வேண்டும் என்று மாற்றி, 2015இலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். அந்த ஊதல் உங்களைப் பத்திரமாக வைத்திருப்பதற்காக ஊதப்படுவது, ரீச்சர்.

சரி, விசா. மகனிடம் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு என்றால் அவருக்கு ஐரோப்பா போக விசா தேவையில்லை. அதனாலேயே உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வேண்டும் என்பது அவர் நினைவுக்கு வராமல் போகலாம். கப்பல் டிக்கெட் விற்பவர்கள் இதைப் பார்க்க மாட்டார்கள். விமானத்தில் ஏறப் போகும்போதுதான் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஏற விடமாட்டார்கள், காசும் திரும்பாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா உங்களுக்கு வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம், பிந்த வேண்டாம். கட்டணம் 90 யூரோ. ஆகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். கப்பல் வைத்தியரிடம் போனால் செலவு பெரியது, ஆகவே அந்தக் காப்புறுதி கப்பலுக்குள்ளும் செல்லுமா என்று கேட்டு எடுங்கள். இடையில் துனிசியா மாதிரி ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டைத் தொட்டுத் திரும்பும் பாதையென்றால், பலமுறை நுழையும் விசா தேவை. விமானத்தில் ஒருநாள் முந்தியே பார்சலோனா போய்ச் சேருங்கள். விமானம் பிந்தினால் கப்பல் காத்திருக்காது.

துறைமுகத்தில் பெரிய சூட்கேஸை வாங்கி அடையாளச் சீட்டுக் கட்டி அனுப்பிவிடுவார்கள். அது அறை வாசலுக்கு வர இரவாகலாம். குளிசை, சீனி பார்க்கும் கருவி, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மருந்துகளைப் பெட்டியோடு, வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொண்டுபோங்கள். இன்சுலின் போடுகிறீர்கள் என்றால் அறையில் உள்ள சின்னக் குளிர்பெட்டியை நம்ப வேண்டாம், பலவற்றில் குளிர் போதாது. முன்கூட்டியே கேட்டால் ஒழுங்கு செய்து தருவார்கள்.

தலைச்சுற்றும் சத்தியும் எல்லாருக்கும் வருவதில்லை. பெரிய கப்பல்களின் இரு பக்கமும் தண்ணீருக்குள் மீன் செட்டை மாதிரி இரண்டு தகடுகள் நீண்டு ஆட்டத்தைக் குறைக்கும். மத்தியதரைக் கடலும் கோடையில் பெரும்பாலும் அமைதிதான். குளிசையைத் தலை சுற்றிய பிறகு போட்டுப் பெரிய பயனில்லை, முந்தியே போட வேண்டும். உங்கள் மற்ற மருந்துகளோடு சேருமா என்று கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். சுற்றினால் தட்டுக்கு ஏறி, தூரத்து அடிவானத்தைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை, கூடுதல்தான் பிரச்சினை. காலை முதல் இரவுவரை எடுத்துச் சாப்பிடும் மண்டபம் திறந்திருக்கும், இனிப்பு வரிசையாக இருக்கும். சீனி வருத்தக்காரருக்கு இரவு உணவுச் சாலையில் மேசையில் இருந்து சாப்பிடுவதே நல்லது. மரக்கறி என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். முதல் இரவு பரிமாறுபவரிடமும் சொல்லுங்கள். சூப்பை மட்டும் ஒவ்வொரு நாளும் கேளுங்கள், மரக்கறி சூப் என்பார்கள், கோழி அவித்த தண்ணீரில் செய்திருப்பார்கள். பல கப்பல்களில் ஒவ்வொரு இரவும் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். எங்கள் மேசைக்கு வந்தது ஒரு நாகர்கோவில் பையன். நான் தமிழில் கதைக்கக் கேட்டதும் மறுநாளிலிருந்து ஒரு கிண்ணத்தில் பச்சை மிளகாய் வெட்டிக் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்குப் போய் ஏழு மாதம் என்றார். கடற்பணியாளரின் வேலை நேரம் சர்வதேச விதிப்படியே வாரத்துக்கு 72 மணித்தியாலம் வரை போகலாம். அந்தப் பிள்ளைகளோடு கதைக்க உங்கள் ஆங்கிலம் தாராளம், அவர்களில் பலருக்கும் அது படித்து வந்த மொழிதான்.

வீட்டில் சமைத்ததைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். இறைச்சியும் பாலில் செய்ததும் ஐரோப்பாவுக்குள்ளேயே கொண்டுபோக முடியாது, ஆகவே நெய்ப் பலகாரம் வேண்டாம். பருத்தித்துறை வடையைக் கடைப் பைக்கற்றாகக் கொண்டுபோகலாம். அறையில் சாமி விளக்கு ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்: கப்பலில் தீதான் பெரிய பயம். கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுதிரி, ஸ்திரிக்கைப் பெட்டி, கேத்தல் எதுவும் கூடாது. திருநீறும் சின்னப் படமும் போதும்.

குளியலறை சின்னது, வாசற்படி உயரம், கால் தடக்கும். கழிப்பறை காற்றால் உறிஞ்சும், சத்தம் திடுக்கிட வைக்கும். மூடியை மூடிவிட்டு அமத்துங்கள். கழுவத் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் கோப்பை கட்டாயம் கொண்டுபோங்கள். கைக்கு சவர்க்காரம்தான். வாசலில் தெளிக்கும் திரவம், கப்பல்களில் பரவி வயிற்றோட்டமும் சத்தியும் தருகிற நோரோ வைரசுக்குப் போதாது. பெரிய விருந்து இரவுக்கு என்ன உடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பட்டுச் சேலைதான்.

காசு கையில் புழங்காது. அறைத் திறப்பும், அடையாளமும், கணக்கும் ஒரே அட்டைதான், கழுத்தில் மாட்டுங்கள். பணியாளருக்கான அன்பளிப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டொலர் வரை பல கப்பல்களில் தானாகவே கணக்கில் ஏறும். மகன் முன்பே அறிந்திருக்கட்டும். கைத்தொலைபேசியை விமான நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் நடுக்கடலில் கப்பலின் செய்மதி வலையில் தொடுத்துப் பெரிய பில் வரும்.

துறைமுகங்களில் இறங்கினால் கப்பல் நேரத்தைப் பாருங்கள், திரும்ப ஏறும் நேரம் வாசலில் எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் விட்டுவிட்டுப் போய்விடும். கப்பலே ஒழுங்கு செய்த சுற்றுலா என்றால் மட்டும் காத்திருக்கும். அட்டவணையில் ரோம் என்று இருக்கும், ஆனால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 70, 80 கிலோமீற்றர், கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகிற மாதிரி. வெயிலும் நடையும் அதிகம். பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், புதுச் செருப்பு வேண்டாம். அன்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு நீங்கள் கப்பலில் நின்றாலும் நல்லதுதான். ஆட்கள் இறங்கிய கப்பல் அமைதியாக இருக்கும், கரையும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

கடைசி இரவு சூட்கேஸை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுக்க வேண்டியதையும் மருந்தையும் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

மகனுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிய பிறகு, அவர் பார்த்த பாதையையும் அறை இலக்கத்தையும் எனக்கு எழுதுங்கள். எந்தத் தட்டு, நடுவா முனையா, எங்கெல்லாம் டெண்டர் என்று பார்த்துச் சொல்கிறேன்.