பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்த தரவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

திறந்த தரவை, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தகவல்களை, எட்டாம் வகுப்புக்கு எங்கே தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வரையறையை விட்டுவிடுங்கள். ஒரே ஓர் அட்டவணை போதும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதல் மாவட்டம் எது, கடைசி எது என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களே தேடட்டும். கன்னியாகுமரி கிட்டத்தட்ட 92 சதவீதம், தருமபுரி 68.5.

சரி, இனிதான் சுவாரஸ்யம். மாநிலத்தில் எழுத்தறிவு பெற்றோர் 5.18 கோடி, மொத்த மக்கள் 7.21 கோடி. வகுத்துப் பார்த்தால் 72 சதவீதம்தான் வரும். அரசு வெளியிட்டதோ 80.09. யார் கணக்கு தப்பு என்று வகுப்பில் சண்டையே வரும், வரட்டும். யாருடையதும் தப்பில்லை. ஏழு வயது நிரம்பாத சுமார் 74 லட்சம் குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுப்பதுதான் கணக்கெடுப்பின் முறை. எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்கும் பழக்கம் இங்கேதான் ஒட்டிக்கொள்ளும். வரைபடம், வண்ணமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தென்காசிப் பிள்ளைகள் தங்கள் மாவட்டத்தைத் தேடிக் காணாமல் விழிப்பார்கள். 2011-இல் இருந்தவை 32 மாவட்டங்கள். தென்காசி 2019-இல்தான் பிறந்தது. திருநெல்வேலி வரிசையில் தேடச் சொல்லுங்கள்.