அவதாருக்கு உடை தைக்கும் மகள்: பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்க வைக்கலாம்?

வணக்கம் சகோதரி. மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததிலிருந்து ரோப்லாக்ஸ் என்ற ஆன்லைன் விளையாட்டுத் தளமே கதி என்று இருக்கிறாள், அதில் அவள் உருவமாக வரும் அவதார் என்ற பொம்மைக்கு விதவிதமாக உடை போட்டுப் பார்க்கிறாள், கேட்டால் "இதையேதான் தொழிலா எடுத்துக்கப் போறேன்" என்கிறாள், பிளஸ் ஒன்னில் எந்த குரூப்பில் சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். வீட்டில் மெஷின் வைத்து பிளவுஸ் தைத்துக் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு தகவல் எனக்குப் பெரிய உதவி. அவள் செய்கிற வேலையின் நெளிவுசுளிவு உங்களுக்குத்தான் சீக்கிரம் புரியும்.

முதலில் ஒரு மாலை நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்டிக்க வேண்டாம், பார்த்தால் போதும். ரோப்லாக்ஸ் கடையில் இருக்கும் உடையை வாங்கி மாட்டுகிறாளா, இல்லை தானே உடையை உருவாக்குகிறாளா? என் பதில் முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது.

வாங்கி மாட்டுவதையும் நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். எந்த ஜாக்கெட்டுக்கு எந்த ஷூ, எந்த முடி, எந்த நிறம் என்று பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டும். ஆனால் அது மட்டும் இருந்தால் அது பொழுதுபோக்குதான், அதுவும் காசு கரையும் பொழுதுபோக்கு. உருவாக்குகிறாள் என்றால் கதையே வேறு.

ரோப்லாக்ஸில் சாதாரணச் சட்டை என்பது 585க்கு 559 பிக்சல் அளவுள்ள ஒரே ஒரு படம். உடம்பின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் அந்தப் படத்தில் தனித்தனிக் கட்டங்களாக இருக்கும். அதன் மேல் வரைந்து ஏற்றினால் அவதார் அதை அணிந்துகொள்ளும். ஆரம்பப் பிள்ளைகள் இதில்தான் தொடங்குவார்கள். அடுத்த படி லேயர்டு கிளாத்திங். இது தட்டைப் படம் இல்லை, முப்பரிமாண உடை. ஒல்லி, குண்டு, குட்டை, நெட்டை என்று எந்த அவதார் போட்டாலும் உடம்புக்கு ஏற்றபடி தன்னை இழுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும், மேலே இன்னொரு கோட் போட்டால் அதற்கு அடியில் அடங்கவும் வேண்டும். இதை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்வார்கள்.

இங்கேதான் உங்கள் தொழில் வருகிறது. நீங்கள் பிளவுஸ் துணியை முன்பாகம், பின்பாகம், கை என்று வெட்டித் தட்டையாகப் பரப்புகிறீர்களே, அதேபோல முப்பரிமாண உடையை எந்தத் தையல் கோட்டில் பிரித்தால் தட்டையாக விரியும் என்று அவள் முடிவு செய்ய வேண்டும். இதற்கு யூவி அன்ராப் என்று பெயர். தப்பான இடத்தில் பிரித்தால் துணியின் டிசைன் கோணலாக இழுபடும். அடுத்து வெயிட் பெயிண்டிங். கையைத் தூக்கும்போது அவதாருக்குள் இருக்கும் எந்த எலும்பு உடையின் எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை நிறம் பூசிச் சொல்வது: சிவப்பு என்றால் முழு இழுப்பு, நீலம் என்றால் இழுப்பே இல்லை. இது சரியில்லை என்றால் அவதார் கை தூக்கியதும் அக்குள் பக்கம் உடையைக் கிழித்துக்கொண்டு உடம்பு வெளியே தெரியும். பிளவுஸிலும் உங்களுக்கு அதிகம் வேலை வைக்கிற இடம் அதே அக்குள்தானே? அவளை அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். எப்படிச் சரி செய்தாய் என்று கேளுங்கள். பத்து நிமிடம் விடாமல் விளக்கினால் அவள் விளையாடவில்லை, வேலை கற்றுக்கொண்டிருக்கிறாள்.

சரி, பணம். "பசங்க இதுல லட்சம் லட்சமா சம்பாதிக்கிறாங்களாமே" என்று கேட்டிருந்தீர்கள். சம்பாதிப்பவர்கள் உண்டு. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ரோப்லாக்ஸுக்குள் செல்லும் பணத்துக்கு ரோபக்ஸ் என்று பெயர்; ஆப்பில் 5 டாலர் கொடுத்தால் சுமார் 400 ரோபக்ஸ் கிடைக்கும். அதே 400 ரோபக்ஸை உடை விற்றுச் சம்பாதித்துப் பணமாக மாற்றினால் கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றரை டாலர்தான். மாற்றுவதற்கு 13 வயது ஆகியிருக்க வேண்டும், சம்பாதித்த ரோபக்ஸ் குறைந்தது 30,000 சேர்ந்திருக்கவும் வேண்டும். அதற்குக் கிடைப்பது நூறு டாலரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். விற்பனையிலும் தளத்துக்கு ஒரு பங்கு போகும். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இது பாக்கெட் மணியாக வந்தால் சந்தோஷம். இதை நம்பிப் படிப்பை விடுவது கூடவே கூடாது.

இந்தத் துறையின் ஏற்ற இறக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் குச்சி (Gucci) என்ற ஆடம்பர ஃபேஷன் நிறுவனத்தின் ஒரு டிஜிட்டல் கைப்பை ரோப்லாக்ஸில் மறுவிற்பனையில் நாலாயிரம் டாலருக்கு மேல் போனது. நிஜப் பையின் விலையைவிட அது அதிகம். அதே ஆண்டு டிசம்பரில் நைக்கி, டிஜிட்டல் ஷூ செய்யும் ஆர்டிஎஃப்கேடி என்ற நிறுவனத்தையே வாங்கியது. மூன்று வருடம் கழித்து, 2024 டிசம்பரில், அதை மூடுவதாக அறிவிப்பு வந்தது. மறுபக்கம், 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற ஆன்லைன் உலகம் இன்னமும் ஓடுகிறது. அங்கே அவதார் உடை செய்து விற்பவர்கள் இருபது ஆண்டுகளாகத் தொழில் நடத்துகிறார்கள். ஒரு தளம் நிலைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் தளத்தை நம்பாமல் கைத்தொழிலை நம்பச் சொல்கிறேன்.

அந்தக் கைத்தொழில் எங்கெல்லாம் செல்லும்? கேம் மற்றும் விஎஃப்எக்ஸ் (சினிமா கிராஃபிக்ஸ்) ஸ்டூடியோக்களில் உருவங்களைச் செய்யும் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட், அவற்றின் மேற்பரப்பை வரையும் டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட் வேலைகள் உண்டு. ஆனால் உங்கள் வீட்டுச் சூழலுக்கு நான் அதிகம் யோசிப்பது ஆடைத் தொழிலைத்தான். துணியை வெட்டும் முன்பே சாம்பிளைக் கம்ப்யூட்டரில் தைத்து, வெளிநாட்டு பையருக்குத் திரையிலேயே காட்டி ஒப்புதல் வாங்கும் முறை வந்துவிட்டது. அதற்கு குளோ, பிரவுஸ்வேர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. குளோவைத் தயாரிக்கும் தென்கொரிய நிறுவனம்தான் கேம் கலைஞர்கள் உடை செய்யப் பயன்படுத்தும் மார்வெலஸ் டிசைனரையும் தயாரிக்கிறது. இரண்டிலும் வேலை ஒரே மாதிரி: பேட்டர்னைத் தட்டையாக வரைந்து, ஓரங்களைச் சேர்த்துத் தைத்து, உடம்பின் மேல் விழ வைப்பது. துணியும் தெரிந்து திரையும் தெரிந்த பிள்ளைக்கு இங்கே மதிப்பு அதிகம். துணி தெரியாமல் திரை மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆகவே இந்த விடுமுறையில் அவளை உங்கள் மெஷினில் உட்கார வையுங்கள். ஒரு பிளவுஸ் முழுவதும் அவளே அளவெடுத்து, வெட்டி, டாட் பிடித்துத் தைக்கட்டும். காட்டன் எப்படி விழும், சில்க் எப்படி விழும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். இதைக் கோச்சிங் சென்டரில் காசு கட்டிக் கற்க முடியாது. உங்களிடம் இருக்கிறது, கொடுங்கள்.

இனி குரூப் விஷயம். கணக்கு அவளுக்கு ஓரளவு வருமென்றால் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ள குரூப்பில் சேர்த்துவிடுங்கள். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் உள்ள பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜிக்கும், மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட்டின் பி.எஃப்.டெக். (ஃபேஷன் டெக்னாலஜி) படிப்புக்கும் கணிதம் கட்டாயம். கணக்கு என்றாலே அழுகிறாள் என்றால் வற்புறுத்தாதீர்கள். நிஃப்ட்டின் பி.டெஸ். (டிசைன் பட்டப்படிப்பு), அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (NID) பி.டெஸ்., ஐ.ஐ.டி.களின் பி.டெஸ்.ஸுக்கான யூசீட் தேர்வு ஆகியவற்றுக்கு காமர்ஸ், ஆர்ட்ஸ் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். குரூப் மாறியதால் கனவு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிஃப்ட் சென்னை தரமணியில் இருக்கிறது. பி.டெஸ்.ஸுக்கு எழுத்துத் தேர்வோடு வரைதலைச் சோதிக்கும் தேர்வும் உண்டு. தேறியவர்களுக்கு, கொடுத்த பொருள்களை வைத்துக் கையால் ஒரு மாதிரி செய்து காட்டும் சிச்சுவேஷன் டெஸ்ட் நடக்கும். மவுஸ் மட்டும் பிடித்த கை அங்கே திணறும். தினமும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். கட்டணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: நான்கு வருடத்துக்கும் சேர்த்து பத்து லட்சத்தைத் தாண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித் திட்டம் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் டெக்ஸ்டைல் டிசைன் படிக்கலாம், கட்டணம் மிகக் குறைவு. பலர் இதை யோசிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம். இதற்கிடையில் "மெட்டாவெர்ஸ் ஃபேஷன் டிப்ளமா" என்று யாராவது ஒரு லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் கட்டாதீர்கள். அவர்கள் சொல்லித்தரும் மென்பொருளில் பாதி இலவசம், மீதியை யூடியூப்பில் பார்த்தே அடிப்படை கற்கலாம்.

அவளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு பாவாடை தாவணியை அவதாருக்குச் செய்யட்டும். முப்பரிமாண உருவம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது; ரோப்லாக்ஸில் ஓர் உடைக்கு 4,000 முக்கோணங்கள்தான் அனுமதி. பாவாடையின் கொசுவத்தை மடிப்பு மடிப்பாகச் செதுக்கினால் அந்த எண்ணிக்கை அங்கேயே தீர்ந்துவிடும். எந்த மடிப்பை உருவமாக வைப்பது, எதை நார்மல் மேப் என்ற, மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படத்தில் நிழலாகக் காட்டி ஒப்பேற்றுவது என்று அவள் முடிவெடுக்க வேண்டும். தாவணி முந்தி நடக்கும்போது காலுக்குள் புகாமல் இருக்க வேண்டும். முதல் முயற்சியில் வராது, வர வேண்டியதும் இல்லை. சொதப்பியது, திருத்தியது எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வைக்கட்டும். நாளை போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்கும் இடத்தில் முடிந்த படத்தைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். பிராண்டு லோகோவைக் காப்பியடித்துச் செய்தவற்றை அதில் சேர்க்க வேண்டாம். அதை விற்றால் அவளுடைய ரோப்லாக்ஸ் கணக்கே முடங்கலாம்.

அப்புறம், யூபிஐ பின் அவளுக்குத் தெரியக் கூடாது. ரோபக்ஸ் வாங்குவதற்கு மாதம் இவ்வளவுதான் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இலவச ரோபக்ஸ்" என்று வரும் லிங்க் எல்லாமே ஏமாற்று, பாஸ்வேர்டைத் திருடுவதற்காக அனுப்புவது. யார் யாரோடு சாட் செய்யலாம் என்பதை அவளோடு உட்கார்ந்து செட்டிங்ஸில் அமைத்துவிடுங்கள். ரோப்லாக்ஸில் முன்பின் தெரியாதவர் "என் குரூப்புக்கு டிசைன் பண்ணித் தா, பணம் தர்றேன்" என்று கேட்டால் உங்களிடம் சொல்லாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. அவள் செய்த உடைகளில் மூன்றின் படத்தையும், பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கையும் எனக்கு அனுப்புங்கள். குரூப் விண்ணப்பம் கொடுக்கும் முன் அவளோடு நேரில் பேசிவிடலாம்.